பராசக்தி காட்டாத காலரா

1/ 'பராசக்தி' (1952) கோர்ட் வசனம் நம்மில் பல பேருக்கு மனப்பாடம். ஆனா அந்தக் குடும்பம் எந்த ஊர்ல இருந்து கிளம்பி வந்ததுன்னு ஞாபகம் இருக்கா? ரங்கூன்!

2/ உலகப் போர் நேரம். அண்ணன்மார்கள் தரைவழியா இந்தியாவுக்குக் கிளம்புறாங்க. ஜப்பான் குண்டுவீச்சில் ஒருத்தருக்குக் கால் போயிடுது. படம் அதைச் சீக்கிரமே கடந்து தமிழ்நாட்டுக்கு வந்துடும். நிஜத்தில் அந்தப் பாதை ரொம்ப நீளம்.

3/ 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மேல முதல் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரமே ஜப்பான் கைக்குப் போச்சு. கப்பலில் இடம் கிடைக்காத இந்தியர்கள், தமிழர்களும் சேர்த்து, சுமார் 4 லட்சம் பேர் நடந்தாங்க. அரக்கான் வழியா சிட்டகாங்குக்கு, தமு வழியா இம்பாலுக்கு, கடைசியில கொட்டுற மழையில ஹுகாங் பள்ளத்தாக்கு வழியா அஸ்ஸாமுக்கு.

4/ வழியில் இறந்தவர்கள் 10,000 முதல் 50,000 வரைன்னு மதிப்பிடுறாங்க. இன்னும் அதிகம்னு சொல்றவங்களும் உண்டு. பெரும்பாலும் கொன்றது குண்டு இல்லைங்க. காலரா, சீதபேதி, மலேரியா, பட்டினி.

5/ கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரை தண்ணீர் வெளியேறலாம். சிகிச்சை இல்லைன்னா பாதிப் பேர் வரை இறந்துடுவாங்க. காட்டுப்பாதையில் சலைனுக்கு எங்கே போறது?

6/ சினிமாவுக்குக் குண்டு வசதி. சத்தம் இருக்கு, எதிரி இருக்கான். ஆனா சுத்தமான தண்ணி, கப்பல், முகாம் எல்லாம் ஏற்பாடு பண்ண வேண்டியது பிரிட்டிஷ் அரசு. குண்டை மட்டும் காட்டினா அந்தக் கேள்வியே மறைஞ்சு போயிடுது.

7/ நாவலுக்கு இடம் அதிகம். அமிதவ் கோஷின் 'தி கிளாஸ் பேலஸ்' இந்த நடையின் பசியையும் சேற்றையும் விட்டுடாம சொல்லும்.

8/ 1971, வங்கதேசப் போர். எல்லையோர பொங்காவ் முகாமில் மறுபடி காலரா. சலைன் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை நோயாளிகளின் சொந்தக்காரங்க கையில் கொடுத்து ஊட்டச் சொன்னார். 30% வரை இருந்த இறப்பு 4%க்கும் கீழே வந்தது. 1942ல் அந்தப் பாதையில் நடந்தவங்களுக்கு இந்த எளிய கரைசல் கிடைக்கல.

9/ அடுத்த முறை போர்ப் படம் பார்க்கும்போது ஒண்ணு மட்டும் கேளுங்க: இவ்வளவு பேர் நடக்குறாங்களே, குடிக்கத் தண்ணி எங்கே? உங்க வீட்டுல பர்மாவிலிருந்து நடந்து வந்தவங்க கதை இருந்தா, அதைச் சொல்லத் தெரிஞ்சவங்க இருக்கும்போதே எழுதி வெச்சுடுங்க.