நெஞ்சைத் திறக்காமல் வைக்கும் வால்வும் சில வாயில்லா ஜீவன்களும்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவளுடைய அம்மாவுக்கு இதய வால்வு சுருங்கிவிட்டதாம். "நெஞ்சைத் திறக்க வேண்டாம், தொடை வழியாகவே புது வால்வு வைத்துவிடலாம்னு சொல்றாங்க டீச்சர். ஆனா அது மாட்டுத் தோலாம். பன்னிக்கும் ஆட்டுக்கும் வச்சுப் பார்த்தாங்களாம். அம்மா சுத்த சைவம். கேட்டதிலிருந்து அழுதுட்டே இருக்காங்க" என்றாள். படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பில் நான் கறிக்கடையிலிருந்து ஆட்டு இதயம் வாங்கி வந்து அறுத்துக் காட்டியது நினைவிருக்கிறதா? இந்தக் கதையும் ஒரு கறிக்கடையில்தான் தொடங்குகிறது.

1989 பிப்ரவரியில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்னிங் ருட் ஆண்டர்சன் என்ற இளம் மருத்துவர் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு மாநாட்டுக்குப் போனார். அங்கே ஹூலியோ பால்மாஸ், இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட் பற்றிப் பேசினார். கம்பி வலைக் குழாயைச் சுருக்கி உள்ளே கொண்டுபோய், பலூனை ஊதி விரிப்பதுதான் அந்த முறை. ஆண்டர்சனுக்கு ஒரு யோசனை வந்தது. இதே குழாயைப் பெரிதாகச் செய்து, அதற்குள் ஒரு வால்வைத் தைத்துவிட்டால் என்ன?

ஊர் திரும்பியதும் கடையில் கம்பி வாங்கித் தானே வளைத்தார். கறிக்கடையில் பன்றி இதயங்கள் வாங்கி, அவற்றின் வால்வை எடுத்து உள்ளே தைத்தார். 1989 மே 1 அன்று ஆர்ஹூஸ் நகரில், மயக்க மருந்து கொடுத்த ஒரு பன்றியின் பெருந்தமனிக்குள் அதை வைத்தார். மார்பு திறக்கப்படவில்லை. இதயம் நிறுத்தப்படவில்லை. வால்வு வேலை செய்தது.

பன்றி எதற்கு? அதன் இதயம் அளவிலும் அமைப்பிலும் நம் இதயத்துக்கு நெருக்கமானது. அந்தச் சோதனைகள் ஓர் ஆபத்தையும் காட்டின. சில பன்றிகளில், இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கிளைகளின் வாயை ஸ்டென்ட் அடைத்தது. அந்தக் கிளைகள் வால்வுக்குச் சற்று மேலேயே பிரிகின்றன. இன்றும் இந்தச் சிகிச்சைக்கு முன் ஸ்கேன் எடுத்து அந்தத் தூரத்தை அளக்கிறார்கள். ஆண்டர்சனின் கட்டுரையோ சில இதழ்களில் நிராகரிக்கப்பட்டு, 1992இல்தான் அச்சேறியது.

பன்றியால் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. அதன் வால்வு மிருதுவானது, ஆரோக்கியமானது. வயதானவர்களின் வால்வோ கால்சியம் படிந்து கல்லாக இறுகிப்போனது. அதற்குள் ஸ்டென்ட் விரியுமா? நிற்குமா? அப்படி இறுகிய வால்வுள்ள விலங்கு எங்கும் கிடைக்கவில்லை.

பிரான்சின் ரூவான் நகரில் ஆலன் கிரிபியே இந்தக் கேள்வியோடு இருந்தார். 1985இல் அவர் பலூனால் இறுகிய வால்வை விரித்துக் காட்டியவர். ஆனால் பலருக்குச் சில மாதங்களிலேயே மறுபடி சுருங்கிவிட்டது. 1990களின் நடுவில் அவர் இறந்தவர்களின் இறுகிய வால்வுகளுக்குள் ஸ்டென்ட்டை விரித்துப் பார்த்தார். விரிந்தது. இழுத்தாலும் எளிதில் வரவில்லை. பன்றி சொல்லாததை இறந்த மனிதர்கள் சொன்னார்கள். அப்படியும் பெரிய கம்பெனிகள் கையை விரித்தன. 1999இல் சிலரோடு சேர்ந்து சொந்தமாகவே ஒரு சிறு கம்பெனி தொடங்கினார்.

2000ஆம் ஆண்டில் செம்மறியாடுகளில் சோதனை தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட முறை வைத்துப் பார்த்தார்கள். செம்மறியாடு ஏன்? பன்றி மளமளவென்று வளர்ந்து பெருத்துவிடும், மாதக்கணக்கில் வைத்துப் பார்ப்பது கடினம். தவிர, இளம் ஆட்டின் உடலில் வைக்கும் திசு வால்வில் கால்சியம் சீக்கிரம் படியும். மனிதனுக்குப் பல ஆண்டுகளில் வரும் பழுது ஆட்டில் சில மாதங்களில் தெரிந்துவிடும்.

அதே ஆண்டில் ஃபிலிப் போன்ஹோஃபர், மாட்டின் கழுத்துச் சிரையில் இயற்கையாகவே உள்ள வால்வை ஸ்டென்ட்டில் தைத்து ஆட்டுக்குட்டிகளில் சோதித்தார். பிறகு பாரிஸில் 12 வயதுச் சிறுவனுக்கு, நுரையீரலுக்கு ரத்தம் போகும் பாதையில் அதை வைத்தார். பெருந்தமனி வால்வு மட்டும் இன்னும் மனிதருக்கு வைக்கப்படாமல் இருந்தது.

2002 ஏப்ரல் 16. ரூவானில் 57 வயது மனிதர் சாகும் நிலையில் இருந்தார். அறுவை சிகிச்சையைத் தாங்கும் நிலையில் அவர் இல்லை. கால் தமனிகளும் அடைத்திருந்தன. கிரிபியே சிரை வழியாகச் சென்று, இதயத்தின் நடுச்சுவரில் துளையிட்டு அந்தப் பக்கம் போய் வால்வை வைத்தார். அவர் நிலை உடனே தேறியது. ஆனால் நான்கு மாதம் கழித்து, கால் நோயின் சிக்கலால் இறந்துபோனார். வால்வு பழுதாகவில்லை. எந்த ஆட்டிலும் சோதிக்க முடியாத அந்தக் கடைசிப் பரீட்சையை எழுதியவர் அவர்தான்.

என் மாணவியிடம் சொன்னேன்: "அம்மா கேள்விப்பட்டது உண்மைதான்மா, மறைக்காதே. தோல் இல்லை, மாட்டின் இதயத்தைச் சுற்றியுள்ள மெல்லிய உறை. சில வால்வுகளில் பன்றியின் உறை. அந்த ஜீவன்களை யாரும் சம்மதம் கேட்கவில்லை. அம்மா அழுவதில் தப்பே இல்லை. ஆனால் முழுக்கதையையும் சொல். அந்தச் சோதனைகள் இல்லாமல் வைத்திருந்தால், இதய ரத்தக்குழாய் அடைபடும் என்பதை முதல் மனிதர் செத்துத்தான் நமக்குச் சொல்லியிருப்பார். முடிவு அம்மாவுடையது. டாக்டரிடமும் மனம்விட்டுப் பேசச் சொல்."

நான் ஆட்டு இதயத்தை அறுக்கும் முன் உங்களிடம் ஒன்று சொல்வேன்: "இது ஓர் உயிரினுடையது, சிரித்துக்கொண்டு தொடாதீர்கள்." அன்று கண்டிப்புக்காகத்தான் சொன்னேன். இப்போது அது கடன் என்று தோன்றுகிறது.

அந்த அம்மா அடுத்த மாதம் மருத்துவமனையில் சேர்கிறார். சிகிச்சைக்குச் சம்மதித்துவிட்டார். நல்லபடியாகத் திரும்பி வர நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்