பேராக் மாநிலத்தில் பழைய குடியிருப்புகளின் மறுபயன்பாடு

மறுபயன்பாட்டுப் புதுப்பிப்பு என்பது, ஒரு கட்டடத்தின் சுவர், தூண், கூரைச்சட்டம் ஆகியவற்றை இடிக்காமல் வைத்துக்கொண்டு, உள்ளமைப்பையோ பயனையோ இன்றைய தேவைக்கேற்ப மாற்றியமைக்கும் முறையாகும். செங்கல் சுடவும் சிமெண்ட் உருவாக்கவும் எரிந்த எரிபொருளின் கரிவளி, கட்டடம் எழுந்த நாளிலேயே காற்றில் கலந்துவிட்டது. இடித்துக் கட்டும்போது அதே கேடு இரண்டாம் முறை நேர்கிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இம்முறை ஈப்போவின் பழைய கடைவீடுகளில் வேரூன்றியிருக்க, புறநகர்த் தொடர்வீடுகளில் அரைகுறையாகவும், ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் மிக அரிதாகவுமே காணப்படுகிறது. இந்த வேறுபாட்டுக்குக் கட்டடங்களின் தரத்தைவிட நில உரிமையே பெரிய காரணம்.

கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த ஈப்போ, 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தபின் தளர்ந்தது. இளைஞர்கள் வேலை தேடி வெளியேற, புதிய மாடிக் கட்டடங்களை எழுப்பும் முதலீட்டு அழுத்தமும் இல்லாததால் பழைய நகரம் பெரும்பாலும் இடிபடாமல் தப்பியது. 1948க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையைக் கட்டுக்குள் வைத்திருந்த 1966ஆம் ஆண்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000 முதல் வாடகை சந்தையின் கைக்குப் போனபோது, உரிமையாளர்களுக்குப் பழுதுபார்க்கும் ஊக்கமும் பழைய குடித்தனக்காரர்களுக்கு வெளியேறும் கட்டாயமும் ஒருசேர வந்தன. 1893இல் சுரங்க முதலாளிகளின் மன்றமாகத் தொடங்கிய ஹான் சின் பெட் சூவின் கட்டடம் 2015இல் அருங்காட்சியகமானது. நாடக நடிகர்கள் தங்கிய கொங் ஹெங் கட்டடம் தங்கும் விடுதியாயிற்று. இக்கட்டடங்களில் காற்றையும் வெளிச்சத்தையும் கொண்டுவரும் நடுமுற்றமும் வெயில் மழைக்கு மறைவான ஐந்தடி நடைபாதையும் முன்பே இருப்பதால் மாற்றம் எளிது. ஆயினும் சுண்ணாம்புச் சாந்துச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் உள்ளீரம் வெளியேற வழியின்றிப் பூச்சு உப்பிப் பெயர்ந்துவிடும். சுண்ணாம்பையே மீண்டும் பூசுவதுதான் சரியான முறை.

கேனிங் கார்டன், ஈப்போ கார்டன் முதலிய புறநகர்களில் நிலைமை வேறு. அங்கு வரிசை வரிசையாக நிற்கும் தொடர்வீடுகள் முகப்பில் குறுகி உள்ளே நீண்டவை. முன்னறைக்கும் சமையலறைக்கும் இடைப்பட்ட அறையில் பகலிலும் விளக்கெரியும். பின்கட்டைக் கூரையிட்டு மூடிச் சமையலறையை நீட்டுவது வழக்கமாகிவிட்டதால், பின்புறமிருந்து காற்று வர இருந்த வழியும் பல வீடுகளில் அடைபட்டது. கூரையின் ஒரு பகுதியைத் திறந்து சிறு முற்றம் அமைத்தல், ஓட்டுக்கும் உட்கூரைக்கும் இடையே வெப்பத் தடுப்பு விரித்தல், கூரை நீரைத் தொட்டியில் சேர்த்தல் ஆகிய மூன்றுமே, ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இந்நாட்டில் குளிர்சாதனத்தின் தேவையையும் குழாய்நீர்ச் செலவையும் கண்கூடாகக் குறைக்கக்கூடியவை. பழைய உட்கூரைகளில் கல்நார் கலந்த சிமெண்ட் தகடு இருக்கக்கூடும். அதை வெட்டாமல், துளைக்காமல், நனைத்து முழுத்தகடாகக் கழற்ற வேண்டும், ஏனெனில் அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. ஈப்போவிலேயே தமிழர் மிகுதியாக வாழும் புந்தோங் பகுதியில் கச்சான் பூத்தே எனும் கொறிவகைகள் வீட்டையொட்டியே வறுத்து விற்கப்படுகின்றன. வீட்டைத் தொழிற்கூடமாக மாற்றும் இவ்வழக்கம் எந்தத் திட்டமும் வகுத்துத் தராமல் மக்களே கண்ட மறுபயன்பாடு.

சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, பீடோர் வட்டாரங்களின் தோட்டங்களில் கங்காணிகள் வழியாகவும் பிறகு தாமாகவும் வந்த தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்த லயம் என்பது, ஒரே நீண்ட கூரையின் கீழ் அறைகளை அடுக்கிய குடியிருப்பாகும். மரத்தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய பழைய லயங்களில் வீட்டின் அடிப்புறம் நிழலாகவே இருந்தது. விறகு அடுக்கவும், பிள்ளைக்குத் தூளி கட்டவும், மழையில் துணி உலர்த்தவும் அந்த இடமே உதவியது. தரையீரமும் வெள்ளமும் எட்டாத இவ்வமைப்பு வெப்பமண்டலத்துக்குப் பொருத்தமானது. மர லயங்களில் கூரையின் பாரத்தைத் தூண்களே தாங்குவதால் அறைகளுக்கிடையிலான பலகைத் தடுப்பை அகற்றி இரண்டு அறைகளை ஒரு வீடாக்கலாம். தகரத்தின் கீழ் உட்கூரை பொருத்தி, கரையான் அரித்த தூண்களை மட்டும் மாற்றி, ஒவ்வொரு வீட்டுக்கும் கழிப்பறையைச் சேர்த்தால் அது இன்றைய குடும்பம் வாழத் தக்கதாகும். நெரிசலும் சத்தமும் அந்தரங்கமின்மையும் லய வாழ்வின் உண்மைகள் என்பதால், பழமையைக் காக்கும் பெயரால் அவற்றை அப்படியே நிலைநிறுத்துவது நியாயமாகாது.

இத்தகைய புதுப்பிப்புக்குத் தடையாக இருப்பது வீடு வேலையோடு பிணைந்திருப்பதுதான். தோட்டத் தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்தை 1966லும் பின்னர் 1990லும் இயற்றப்பட்ட சட்டங்கள் வரையறுத்தன. ஆனால் அவை முதலாளி தரும் வீட்டின் தரத்தைப் பேசினவே தவிர, தொழிலாளிக்கு அந்த வீட்டில் உரிமை எதையும் தரவில்லை. தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோதும், துண்டாடி விற்கப்பட்டபோதும், பால்வெட்டு நின்றதும் வீடும் போயிற்று. இரண்டு, மூன்று தலைமுறை உழைத்த குடும்பங்கள் இழப்பீட்டுக்காக அலைந்த கொடுமையை இங்கே மறைக்க முடியாது. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி திரட்டித் தோட்டங்களை வாங்கியது இந்தத் துண்டாடலைத் தடுக்கவே.

1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி தோட்ட நிலம் விவசாய வகையைச் சேர்ந்தது; அதில் வீடுகளைத் தனித்தனிப் பட்டாவாகப் பிரிக்க மாநில அரசு நில வகையை மாற்றித் தர வேண்டும். இதற்கு நிலவுடைமையாளரின் இசைவும் தேவை என்பதால், மேம்பாட்டாளர் தரும் விலைக்கு முன் லயம் பெரும்பாலும் தோற்றுவிடுகிறது. மாறாக, பத்து காஜா அருகே வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கி, 1926இல் அவர் இறந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற மாளிகை சுற்றுலாத்தலமாகக் காக்கப்படுகிறது. அதை எழுப்பிய தமிழ்த் தொழிலாளருக்காக அருகே கட்டப்பட்ட மாரியம்மன் கோயிலில் இன்றும் வழிபாடு நடக்கிறது. தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயங்களுக்கோ அந்த மதிப்பு கிட்டவில்லை. தோட்ட நிலத்தை வீட்டுமனையாக்க அனுமதி கோரும் விண்ணப்பத்திலேயே, நிற்கும் லயங்களில் எவற்றைப் புதுப்பித்து அங்கு வாழ்வோருக்குப் பட்டாவுடன் தருவது என்பதை உடைமையாளர் குறிப்பிட வேண்டும் என்று மாநில அரசு நிபந்தனை விதிப்பதே லயங்களைக் காக்க நேரான வழி. நிலம் மாநில அதிகாரத்தில் இருப்பதால் பேராக் அரசு இதைத் தானே செய்ய முடியும்.