என் இனிய இயந்திரா

என் இனிய இயந்திரா, எழுத்தாளர் சுஜாதாவின் அறிவியல் புனைகதை; அதே பெயரில் தூர்தர்ஷனின் தமிழ் ஒளிபரப்பில் தொடராகவும் வந்தது. 1980களில் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளியான இக்கதை, 2021ஆம் ஆண்டு இந்தியாவை ஒரு சர்வாதிகாரி ஆள்வதாகக் கற்பனை செய்கிறது. ஆளுகிறவர் யார், அவருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்ற கேள்வியே கதையின் உயிர்நாடி. அரசியல் அங்கதமும் அறிவியல் கற்பனையும் சேர்ந்து தமிழ்ச் சின்னத்திரைக்கு வந்ததற்கு இத்தொடர் குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு.

முன்னோடிகள்

தமிழில் அரசியலைக் கேள்வி கேட்கும் கலை மேடையில் வேரூன்றிப் பிறகு திரைக்குப் போனது. நாடகங்களை அடக்க ஆங்கிலேய அரசு 1876இல் தனிச் சட்டமே இயற்றியிருந்தது. அந்தக் கெடுபிடிக்கு நடுவிலும் நாடகத்தையும் திரைப்படத்தையும் விடுதலை இயக்கத்தின் கருவிகளாகக் கண்ட தலைவர் எஸ். சத்தியமூர்த்தி. 1887இல் இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயத்தில் பிறந்தவர். மத்திய சட்டசபையில் அரசைத் திணறடித்த பேச்சாளர். தாமே மேடையேறி நடித்தவர். கலைஞர்களைத் தாழ்வாகப் பார்த்த காலத்தில் அவர்களை அரசியல் மேடைக்கு அழைத்துவந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

விடுதலைக்குப் பின் அங்கதத்தின் கூர்மை நம்மவர் ஆட்சியின் பக்கம் திரும்பியது. சோ ராமசாமியின் 'முகமது பின் துக்ளக்' நாடகம் 1968இல் மேடையேறி 1971இல் படமானது. பதினான்காம் நூற்றாண்டுச் சுல்தானும் பயணி இபின் பதூதாவும் உயிரோடு மீண்டுவந்ததாக நாட்டை நம்பவைத்து அதிகாரத்தைப் பிடிப்பதே கதை. விஞ்ஞானக் கருவி எதுவும் அதில் இல்லை. ஆனால் நடக்க முடியாத ஒன்றை நடந்ததாக வைத்து அதன் வழியே இன்றைய அரசியலைப் பார்க்கும் முறையைத் தமிழ் ரசிகர்களுக்கு அது பழக்கப்படுத்தியது.

ஆசிரியர்

சுஜாதாவின் இயற்பெயர் எஸ். ரங்கராஜன் (1935–2008). பள்ளிப் பருவத்தைத் திருவரங்கத்தில் கழித்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியிலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் படித்தார், மனைவியின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தபோது மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்துக்குப் பொறுப்பேற்றார். வாக்கைப் பதிவு செய்யும் இயந்திரத்தை உருவாக்கியவரே, வாக்கே தேவைப்படாத இயந்திர ஆட்சியையும் கற்பனை செய்தார். கணினி எதைச் செய்யும், எதைச் செய்வதாகக் காட்டி ஏமாற்றலாம் என்பதை உள்ளிருந்து அறிந்தவரின் எச்சரிக்கை என்பதே இக்கதையின் பெருமை.

கதை

சர்வாதிகாரி ஜீவாவின் ஆட்சியில் குடிமக்களுக்கு எண் உண்டு. பெயர் இரண்டெழுத்தைத் தாண்டக்கூடாது. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா என எல்லாப் பெயர்களும் அந்தச் சட்டத்துக்குள் அடங்குகின்றன. குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். முதியோருக்கு வாழும் உரிமை கிடையாது. அனுமதி கிடைத்து மகிழ்ந்திருக்கும் நிலாவின் கணவன் சிபி திடீரெனக் காணாமல் போகிறான். அவனைத் தேடும் அவளுக்குத் துணையாக வருகிறவர்கள் ரவி, மனோ என்ற இளைஞர்கள். ரவியின் வளர்ப்பு நாய் ஜீனோ.

ஜீனோ ஓர் இயந்திரம். புத்தகம் படிக்கும், கேள்வி கேட்கும், நிலாவிடம் பாசமும் கொள்ளும். மனிதர்கள் இயந்திரம்போல் உத்தரவுக்குப் பணியும் நாட்டில் இயந்திரம் ஒன்று மனிதரைப்போல் சிந்திக்கத் தொடங்குகிறது. அங்கதத்தின் மையம் இந்தத் தலைகீழ் மாற்றம்தான். நாடே வணங்கும் ஜீவா ஆளே இல்லை, ஹோலோகிராம் என்னும் ஒளிப்பிம்பம் என்ற உண்மை வெளிப்படும்போது, பிம்பத்தை நம்பிப் பழகிய மக்களின் நிலையும் சேர்ந்தே வெளிப்படுகிறது.

தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வில் நிலா அரசியாகிறாள். ஆனால் கயிறு ரவி, மனோ கையில். சர்வாதிகாரியின் முகம் மாறியதே தவிர ஆட்சியின் சூத்திரம் மாறவில்லை. புரட்சி என்ற சொல்லையும் விசாரிக்காமல் ஏற்காதே என்று இவ்விரு கதைகளும் சேர்ந்து சொல்கின்றன.

சின்னத்திரையில்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல், நெருக்கடி நிலைக் காலத்தில், தொடங்கியது. 1993 ஏப்ரலில் சன் டி.வி. வரும்வரை தமிழ் வீடுகளில் பெரும்பாலும் அரசின் ஒளிபரப்பே ஓடியது. 1987இல் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் இயங்கத் தொடங்கியதும் சென்னை நிகழ்ச்சிகள் தென் மாவட்டங்கள் பலவற்றை எட்டின. ஊருக்கு ஓரிரு பெட்டிகளே இருந்த இடங்களில் தெருவே ஒரு கூடத்தில் கூடிப் பார்த்த காலம் அது.

அத்தகைய அரசுத் தொலைக்காட்சியிலேயே, திரையில் தோன்றும் பிம்பத்தால் நாட்டை ஆளும் அரசைப் பற்றிய தொடர் ஒளிபரப்பானது. நிலாவாக நடித்தவர் சிவரஞ்சனி. இந்தித் தூர்தர்ஷனில் 1988இல் வந்த 'கக்காஜி கஹின்' அரசியல்வாதியைப் பகடி செய்தது. 1989இன் 'இந்திரதனுஷ்' சிறுவர்களுக்கு அறிவியல் கற்பனை காட்டியது. தமிழ்த் தொடரில் அந்த இரண்டு ஓடைகளும் ஒன்றாயின. பிரிட்டனில் 1985இல் அறிமுகமான 'மாக்ஸ் ஹெட்ரூம்' கணினியில் பிறந்த தொலைக்காட்சி முகத்தை வைத்து ஒளிபரப்பு நிறுவனங்களின் அதிகாரத்தைச் சாடியது. கடல் கடந்த இரு இடங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே கவலை எழுந்திருக்கிறது.

புதுக்கோட்டை நோக்கில்

ஜீவாவின் நாட்டில் வாக்குக்கு இடமில்லை. ஆனால் குடிகள் வாக்காளர்களான வரலாறு, சத்தியமூர்த்தி பிறந்த திருமயம் அடங்கிய புதுக்கோட்டைக்குத் தனியாக உண்டு. தொண்டைமான்களின் சமஸ்தானமாக இருந்த இம்மண்ணில் 1902இல் பிரதிநிதிகள் சபையும் 1924இல் சட்டசபையும் அமைந்தன. 1948 மார்ச் 3இல் மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான் ஆட்சியை இந்திய ஒன்றியத்திடம் ஒப்படைத்தார். 1974 ஜனவரி 14இல் தனி மாவட்டம் பிறந்தது. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் கல்குவாரித் தொழிலாளர் உட்பட ஏராளமான பெண்களுக்கு எழுத்தையும் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகத்தின் எல்லாத் தொகுதிகளிலும் மின்னணு இயந்திரம் வந்தபோது, கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வந்த அந்தப் பெண்களும் அதன் பொத்தானை அழுத்தியவர்களில் உண்டு. சொன்னதைப் படித்துச் சரிபார்க்கும் அவர்களின் திறமைதான் ஜீவாவின் நாட்டில் எவருக்கும் இல்லாதது.

இன்றைய பொருத்தம்

சுஜாதா உரையாடல் எழுதிய 'எந்திரன்' அவர் மறைந்த பின் 2010இல் வெளிவந்து, அவரது இயந்திரக் கனவைப் பெரிய திரைக்குக் கொண்டுசென்றது. ஜீவாவின் கற்பனையோ தேர்தல் களத்துக்கே வந்துவிட்டது. 2012 குஜராத் தேர்தலில் நரேந்திர மோடியின் ஹோலோகிராம் உருவம் ஒரே நேரத்தில் பல ஊர்க் கூட்டங்களில் பேசியது. 2024 ஜனவரியில், 2018இல் மறைந்த மு. கருணாநிதியின் உருவமும் குரலும் செயற்கை நுண்ணறிவால் தி.மு.க. நிகழ்ச்சிகளில் உயிர்பெற்றன. 2013இல் 'பிளாக் மிர்ரர்' தொடர் கேலிச்சித்திரக் கரடி ஒன்றைத் தேர்தலில் நிறுத்தி இதே அச்சத்தைப் பேசியது.

இவை அறிவிக்கப்பட்ட பிம்பங்கள். பார்த்தவர்களுக்குப் பிம்பம் என்று தெரியும். ஜீவாவைப் பார்த்தவர்களுக்கு அது தெரியாது. அந்த வேறுபாட்டைக் காப்பது சட்டத்தின் வேலை, அதைவிட வாக்காளரின் வேலை. கதைக்குள் 2021 என்று குறித்த ஆண்டு கடந்துபோனாலும், திரையில் பேசுகிறவருக்குப் பின்னால் யார் என்று நிலா கேட்ட கேள்வியை ஒவ்வொரு தேர்தலிலும் புதிதாகக் கேட்க வேண்டியிருக்கிறது.