வண்டி வீடும் ரப்பர் காலும்

பங்குனியில் மயிலாப்பூர் மாடவீதியில் கபாலீசுவரர் தேர் அசைந்து வரும்போது, வீட்டோடு புறப்படுகிற பாக்கியம் சுவாமிக்கு மட்டுமே உண்டு என்று எண்ணியதுண்டு. இப்போது மனிதனும் கட்டில், அடுப்பு சகிதம் மோட்டார் வண்டியில் கிளம்பிவிட்டான். ஆனால் டயர் மாற்றும் கவலையும் கூடவே ஏறிக்கொள்கிறது.

அந்தக் கவலை பழையதுதான். 1942-ல் மலேயா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து ரப்பர் வரத்து அற்றுப்போயிற்று. டயர் குதிரைக் கொம்பாயிற்று. யுத்தம் முடிந்தபின், 1946-ல் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952-ல், தேய்ந்த டயருக்கு மேல்தோல் போடும் ரப்பரில் இறங்கினார். டயரே செய்ய முற்பட்டது 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்க மான்ஸ்ஃபீல்டு கம்பெனியின் துணையோடு.

மேல்தோலைப் பார்த்து டயரை எடைபோடுவது அன்றைய வழக்கம். வண்டி வீட்டுக்கு அது உதவாது. அது ஓடுகிற நாளைவிட நிற்கிற நாள் அதிகம். டயர் தேயாமலே கிழடாகிவிடும். பக்கவாட்டில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். அங்கே பொறித்த நாலு இலக்கத்தையும் படியுங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரத்தில் பிறந்தது. தண்ணீர், பாத்திரம், மனிதர் எல்லாம் ஏற்றி வண்டியை நிறுத்துப் பார்த்து, அந்தப் பாரத்தைத் தாங்குகிற டயரையே வாங்குங்கள்.

தேர் தறிகெட்டால் முட்டுக்கட்டை போட ஆள் உண்டு. நடுச்சாலையில் டயர் வெடித்தால் நமக்கு யார் போடுவார்?