மருந்து ஒப்பந்த உற்பத்தி (இலங்கை)

தன் பெயரில் விற்கும் அல்லது வழங்கும் மருந்தை இன்னொருவரின் ஆலையில் கூலி கொடுத்துச் செய்விக்கும் முறை. மூலப்பொருள் ஒருவருடையது, அதைக் குளிசையாக அழுத்தியோ கப்சூலில் அடைத்தோ தருபவர் வேறொருவர். மில்லில் நெல்லைக் கொடுத்துக் குத்துவித்து வாங்குகிற கணக்குத்தான். இந்தியச் சட்டத்தில் இதற்கு ‘லோன் லைசென்ஸ்’ என்று தனி உரிமமே உண்டு.

இலங்கையில் 1971க்கு முன்னர் மருந்துகள் பெரும்பாலும் வணிகப் பெயர்களோடு முழுமையாக இறக்குமதியாயின. உள்நாட்டில் இருந்த சில ஆலைகள் இறக்குமதியான மூலப்பொருளைக் கொண்டு இயங்கின.

1971இல் வைத்தியரும் இடதுசாரித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் மருந்தியல் பேராசிரியர் சேனக்க பிபிலேயும் மருந்துத் துறையை ஆராய்ந்து அறிக்கை அளித்தனர். அதன் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது; பிபிலே அதன் முதல் தலைவரானார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டிருந்த மருந்துப் பட்டியல் ஏறத்தாழ அறுநூறாகச் சுருக்கப்பட்டது. வணிகப் பெயருக்குப் பதில் மருந்தின் பொதுப்பெயர் முன்னுக்கு வந்தது. உலகளாவிய கேள்விமனு மூலம் வாங்கியபோது, ஒரே மூலப்பொருளுக்கு நிறுவனங்கள் கேட்ட விலைகள் பல மடங்கு வேறுபட்டிருந்தமை தெரியவந்தது. அந்தக் காலத்து விலை ஒப்பீட்டு அட்டவணைகள் இன்றைக்கும் வாசிக்கச் சுவையானவை.

அடுத்த கட்டமே ஒப்பந்த உற்பத்தியோடு நேரடித் தொடர்புடையது. மூலப்பொருளையும் கூட்டுத்தாபனமே மொத்தமாக வாங்கி, உள்நாட்டிலிருந்த தனியார் ஆலைகளிடம் கொடுத்து மருந்தாக்கித் தரும்படி கேட்டது. பன்னாட்டு நிறுவனங்களின் கிளை ஆலைகளுக்கு இது உவப்பாக இல்லை. தாய் நிறுவனத்திடம் மூலப்பொருள் வாங்குவதில்தான் அவற்றின் இலாபத்தில் ஒரு பங்கு அடங்கியிருந்தது. கூலிக்கு அரைப்பவருக்கு அரைகூலி மட்டுமே மிஞ்சும்.

1974இல் கொலரா பரவியபோது இந்த முரண் வெடித்தது. ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் நிறுவனத்திடம் வாங்கிய டெட்ராசைக்கிளின் மூலப்பொருளைக் கப்சூலாக்கித் தர பைசர் நிறுவனத்தின் உள்நாட்டு ஆலை மறுத்தது. கப்சூல்களைக் கூடிய விலையில் விமானத்தில் இறக்க வேண்டியதாயிற்று. மறுப்புக்குக் காரணம் மூலப்பொருளின் தரமா, வியாபாரமா என்பதில் கருத்துகள் வேறுபடும். ஆலையை அரசு பொறுப்பேற்கும் யோசனை எழுந்து கைவிடப்பட்டதாகவும், அமெரிக்கத் தூதரகம் இதில் தலையிட்டதாகவும் சொல்லப்படுகிறது. நிகழ்ச்சியைப் பற்றிப் பெரிதும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, பொருளியலாளர் சஞ்சய லால் பிபிலேயோடு சேர்ந்து எழுதியது. வழக்கில் ஒரு தரப்பாய் இருந்தவரே சாட்சியும் ஆனார் என்பதை வாசிப்பவர் நினைவிற்கொள்வது நல்லது. எனினும் தகராறின் முடிச்சு தெளிவானது. முடிந்த குளிசை பழுதானால் பழி மூலப்பொருள் தந்தவருக்கா, அழுத்தியவருக்கா? உலகெங்கும் ஒப்பந்த உற்பத்தியில் இழுபடும் கேள்வி இதுவே.

1977இல் ஆட்சி மாறியதும் மருந்து இறக்குமதியில் கூட்டுத்தாபனத்துக்கிருந்த தனியுரிமை தளர்ந்து, தனியார் இறக்குமதிக்கு வழி திறந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் பிபிலே கயானாவில் காலமானார். மாரடைப்பு என்பது அறிவிக்கப்பட்ட காரணம். ஐயம் கொள்வோரும் உளர். அவர் இறந்த ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது.

1987இல் அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் தனியாக நிறுவப்பட்டது. ஜப்பானிய உதவியோடு இரத்மலானையில் அதன் தொழிற்சாலை எழுந்தது. பிறருக்குக் கொடுத்துச் செய்விக்கும் நிலையிலிருந்து அரசு தானே குளிசை அழுத்தும் நிலைக்கு வந்தமை இதன் பொருள்.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை உருவானது; அச்சட்டம் 1980ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. உள்நாட்டுத் தனியார் ஆலைகளின் உற்பத்தியை அரசு கொள்முதல் செய்யும் உடன்படிக்கைகளும் வந்தன. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கு இந்தியக் கடனுதவி தேவைப்பட்டது.

யாழ்ப்பாணத் தீவகத்துப் புளியங்கூடலில் நீரிழிவுக்காரர் ஒருவர் ஊர்காவற்றுறை அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாக வாங்கிவரும் குளிசை இரத்மலானையில் அழுத்தப்பட்டதாகவும் இருக்கலாம், குஜராத்தில் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் சில்லறைக் கடைகளை நாடு முழுவதும் சிங்களப் பெயரால் ‘ஒசுசல’ என்றே அழைக்கிறார்கள். ‘மருந்துச்சாலை’ என்பது அதன் பொருள்.