மலையை எழுதி வாங்கிய சூப்பிரண்டு துரை

மூணாறு என்றதும் நம் பிள்ளைகளுக்குக் குளிரும் வரையாடும்தான் நினைவுக்கு வரும். அந்த மலை யார் கைக்கு எப்படிப் போச்சு என்று கேட்டால் விழிப்பார்கள். அதனால்தான் ஜான் டேனியல் மன்றோ என்ற உள்ளூர் அதிகாரியைப் பற்றி இம்மலரில் எழுத முன்வந்தேன்.

மன்றோ, திருவிதாங்கூர் அரசின் ஏலமலைப் பகுதிக்குச் சூப்பிரண்டாகவும் மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தவர். ஏலக்காய் அன்று அரசின் தனியுரிமைச் சரக்கு. ஆகவே மலை நிர்வாகமும் வழக்கும் ஒரே ஆள் கையில் இருந்தன.

உயர்மலைக்கு உரிமை கொண்டாடியவர் பூஞ்சாறு அரசர். மதுரைப் பாண்டியர் வழி வந்தவர்கள் என்பது அக்குடும்பத்தின் மரபு. 1877 ஜூலை 11 அன்று பூஞ்சாறு கேளவர்ம வலிய ராஜா, கண்ணன் தேவன் மலைகளையும் அஞ்சுநாட்டையும் மன்றோவுக்கு எழுதிக் கொடுத்தார். ரொக்கம் 5,000 ரூபாய்; ஆண்டு வாடகை 3,000 ரூபாய். அடுத்த ஆண்டு திருவிதாங்கூர் அரசும் ஒப்புதல் தந்தது.

கண்ணன் தேவன் மலைப்பரப்பு சுமார் 215 சதுர மைல். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாடகை சதுர மைலுக்கு ஆண்டுக்குப் 14 ரூபாய்கூட வரவில்லை! பதவியில் கிடைத்த மலைப் பழக்கம் மன்றோவின் சொந்த ஆதாயத்துக்குத் துணை நின்றது என்பதே என் எண்ணம். மலையின் பெயரே அங்கிருந்த தலைவர் ஒருவருடையது என்பார்கள். ஆனால் மதுரையிலிருந்து மலையேறியதாகச் சொல்லும் முதுவர்களுக்கு அந்தப் பத்திரத்தில் பங்கில்லை.

1879இல் மன்றோவும் கூட்டாளிகளும் தோட்டச் சங்கம் அமைத்தார்கள். 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி வந்தது. போடி, குரங்கணி வழியாகக் கங்காணிமார் கூட்டிவந்த நம் சனங்கள்தாம் காட்டைத் தேயிலைத் தோட்டமாக்கினார்கள். 1956 மொழிவழிப் பிரிவினையில் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. 1971இல் கேரள அரசு சட்டம் இயற்றி அந்நிலத்தை மீட்டது. 1974இல் சுமார் 57,000 ஏக்கர் கம்பெனிக்கே திரும்பியது. உழைத்தவர்களுக்கு லயத்து வீடுதான் மிச்சம். அதுவும் வேலை உள்ளவரை.

2015 செப்டம்பரில் 232 ரூபாய் தினக்கூலியை 500 ஆக்கச் சொல்லியும், குறைத்த போனஸை 20 விழுக்காடாகத் தரச் சொல்லியும் 'பொம்பிளை ஒருமை' என்று நம் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். போனஸ் கோரிக்கையை ஒன்பது நாளில் வென்றார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து, லயங்களில் தூங்கிய 70 பேரை நாம் இழந்தோம்.

துரை பெயரில் பத்திரம் இருந்தது; நம்மவர் பெயரில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. அடுத்த முறை மூணாறு போகும்போது, இந்தக் கணக்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.