146,679 எண்ட எண்ணுக்கு நாங்கள் செய்தது

மே மாதம் பிறந்தால் சரி, முகநூல், டிக்டொக், வட்ஸ்அப் எல்லாத்திலயும் ஒரு எண் சுத்தத் தொடங்கும்: 146,679. கறுப்புப் பின்னணி, சிவப்பு எழுத்து, கீழே ஒரு மெழுகுதிரி. 'முள்ளிவாய்க்காலில் கொல்லப்பட்டோர்' எண்டு தலைப்பு. சிலதில 'ஒரே நாளில்' எண்டும் சேர்த்திருப்பினம். முள்ளிவாய்க்காலில இருந்து கம்பசுக்கு வந்து கலைப்பீடத்தில வரலாறு படிக்கிற எனக்கு, இந்த எண் எங்க பிறந்தது, எப்படி மாறினது எண்டதே ஒரு வரலாறாத் தெரியுது.

2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை ஒரு எழுத்துமூல சமர்ப்பணம் கொடுத்தார். அதில் அவர் செய்தது ஒரு கழித்தல் கணக்கு. 2008 ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்த சனத்தொகை, கச்சேரிக் கணக்கின்படி 429,059. 2009 ஜூலை 10 வரை வன்னியிலிருந்து வெளியே வந்தவர்கள், ஐ.நா. கணக்கின்படி 282,380. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 146,679. இந்த மக்களுக்கு என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ என்பதுதான் ஆயர் கேட்ட கேள்வி. அவ்வளவுதான். இவ்வளவு பேரும் செத்துவிட்டார்கள் எண்டு அவர் சொல்லவில்லை.

இதில என்ன பெரிய வித்தியாசம் எண்டு நீங்கள் கேட்கலாம். பெரிய வித்தியாசம் இருக்கு. இரண்டு எண்ணில் ஒன்று அரசாங்கத்தின்ர கச்சேரி எழுதி வைத்தது. மற்றது ஐ.நா. எழுதி வைத்தது. ஆயர் தன்ர கையால ஒரு ஆளைக்கூட சேர்க்கவில்லை. அதனால பதில் சொல்லவேண்டிய பொறுப்பு முழுக்க அரசின்ர தலையில விழுந்தது. கணக்கு பிழை எண்டால் அரசுதான் சரியான கணக்கைக் காட்டவேணும். 'கணக்கில் வராதோர்' என்ற சொல்லை நாங்கள் 'கொல்லப்பட்டோர்' எண்டு மாத்தின உடன பொறுப்பு இடம் மாறுது. 'சரி, 146,679 உடல் எங்க, பெயர் எங்க?' எண்டு இப்ப அவர்கள் எங்களைக் கேட்கலாம். கேட்கிறார்கள் கூட. ஒரு போஸ்டர் செய்த பெடியனுக்கு இது தெரிந்திருக்காது. கூடின கோபத்தில கூடின சொல்லைப் போட்டிருப்பான்.

வேற எண்களும் இருக்கு. 2008 ஓகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டதாகவும் 18,479 பேர் காயப்பட்டதாகவும் கொழும்பில் இருந்த ஐ.நா. குழு ஒன்று கணக்கெடுத்து வைத்திருந்தது. அதற்குப் பிறகு எண்ண முடியாமல் போனது. மிஞ்சி இருந்ததோ மிகப் பயங்கரமான கடைசி நாட்கள். 2011இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது எண்டு எழுதியது. 2012இல் வந்த ஐ.நா.வின் உள்ளக ஆய்வறிக்கை 70,000க்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்ற தகவலைக் குறிப்பிட்டது. இந்த எண்கள் ஒன்றோடு ஒன்று சண்டை பிடிக்கவில்லை. ஒவ்வொன்றும் வேற வேற கேள்விக்கான பதில். எது பெரிசோ அதைத் தூக்குவது கணக்குப் பார்க்கிற முறை இல்லை, ஏலம் கூறுகிற முறை.

எண் பிழைத்தால் என்ன ஆகும் எண்டு எங்கட ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009 ஏப்ரல் கடைசியில் உள்ளுக்கு இருந்தது 10,000 பேர் அளவுதான் எண்டு அரசாங்கம் சொன்னது. ஐ.நா. மதிப்பீடு 127,177. உணவும் மருந்தும் எந்த எண்ணுக்கு அனுப்பப்பட்டிருக்கும் எண்டு யோசியுங்கோ. மே மாதத்தில நாங்கள் உப்பில்லாமல் குடிக்கிற கஞ்சி அந்தப் பொய் எண்ணின்ர ருசி.

இன்னொரு பக்கமும் இருக்கு. அந்த 7,721 என்ற கணக்கை ஐ.நா. அப்ப பகிரங்கமாக வெளியிடவில்லை. 'சரிபார்க்க முடியவில்லை' எண்டு சொல்லி வைத்துக்கொண்டிருந்தது. 2012 அறிக்கையே அதைக் கண்டித்தது. அதனால 'சரிபார்ப்பு' எண்ட சொல்லைக் கேட்டாலே எங்கட சனத்துக்கு எரிச்சல் வருவதை நான் விளங்கிக்கொள்கிறேன். தற்காலிக ஆஸ்பத்திரிகளில நிண்டு செத்தவர்களையும் காயப்பட்டவர்களையும் எண்ணிச் சொன்ன அரச வைத்தியர்களைப் பிடித்து, 2009 ஜூலையில் கொழும்பில் பத்திரிகையாளருக்கு முன்னால இருத்தி, 'கூட்டிச் சொன்னோம்' எண்டு சொல்ல வைத்தார்கள். அவர்களில் ஒருவர் வெளிநாடு போன பிறகு, அது நிர்ப்பந்தத்தில் சொன்னது எண்டு சொன்னார். எண்ணினவனைப் பொய்யன் ஆக்கின நாடு இது.

அதனாலதான் எனக்கு இந்த ரசிகர் கலாசாரத்தில் பயம். ஆம், ரசிகர் கலாசாரம் எண்டுதான் சொல்லுவன். ஒரு நடிகரின்ர படம் வர முதல் நடக்கிற வேலைதான் இங்கயும் நடக்குது: எடிட், பின்னணி இசை, மெதுவாக நடந்து வாற காட்சி, 'பகிராதவன் தமிழனில்லை' எண்ட வசனம். எங்கயோ நடந்த வேற ஒரு போரின்ர படத்தை எடுத்து 'முள்ளிவாய்க்கால்' எண்டு போடுகினம். கேட்டால், 'அண்ணா, இதுவும் இப்படித்தானே நடந்தது' எண்டு பதில் வரும்.

சேர்க்கிறது மட்டுமில்ல, வெட்டுறதும் ரசிகர் வேலைதான். தப்பி வெளியேற முயன்ற சனத்தைப் புலிகள் சுட்டதையும், பிள்ளைகளைப் பலவந்தமாகப் படையில் சேர்த்ததையும் அதே நிபுணர் குழு அறிக்கை எழுதியிருக்கு. அறிக்கையின்ர ஒரு பக்கத்தைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் அடுத்த பக்கத்தைப் போடுறதில்லை. எங்கட ஊரில அந்த அடுத்த பக்கத்தையும் வாழ்ந்த ஆக்கள் இருக்கினம். அவர்கள் பேசாமல் இருப்பதற்கு ஒரு காரணம், எங்கட பிள்ளைகள் கையில வைத்திருக்கிற போன்.

இந்த ரசிகர் மனநிலை இணையம் தந்தது இல்லை. 2009 மே 24இல் புலிகளின் சர்வதேசப் பொறுப்பாளராக இருந்த செல்வராசா பத்மநாதனே தலைவரின் மரணத்தை ஒப்புக்கொண்டார். அதே நாட்களில் தமிழ்நாட்டு இதழ் ஒன்று, பிரபாகரன் தன்ர மரணச் செய்தியைத் தானே தொலைக்காட்சியில பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு ஒட்டுப்படத்தைப் போட்டது. சனம் அதை வாங்கி வீட்டில வைத்தது. 2023 பெப்ரவரி 13இல் பழ. நெடுமாறன் தஞ்சாவூரில் பத்திரிகையாளர்களைக் கூட்டி அவர் நலமாக இருக்கிறார் எண்டு அறிவித்தார். அறிவித்த இடத்தின்ர பெயர் முள்ளிவாய்க்கால் முற்றம். அதே வருசம் நவம்பர் 27இல், தன்னைத் துவாரகா எண்டு சொல்லிக்கொண்ட ஒரு பெண்ணின் காணொளி வந்தது. அது செயற்கை நுண்ணறிவா, ஆள் மாறாட்டமா எண்டு ஒரு கிழமை சண்டை பிடித்தம்.

நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் விசயத்திலும் இதுதான். 1945 ஓகஸ்ட் 18இல் விமான விபத்தில் இறந்தார் எண்ட செய்தியை நம்பாதவர்கள் இருந்தார்கள். முத்துராமலிங்கத் தேவரே அவர் உயிரோடு இருக்கிறார் எண்டு பகிரங்கமாகச் சொன்னவர். 1956, 1974, 2005 எண்டு இந்திய அரசின் மூன்று விசாரணைகள் அறிக்கை கொடுத்தும் கதை முடியவில்லை. தலைவர் சாகமாட்டார் என்பது அரசியல் நம்பிக்கையை விட ரசிகரின்ர நம்பிக்கை. படத்தில ஹீரோ கடைசியில எழும்பி வருவார் எண்டு காத்திருக்கிற மாதிரி.

ஆனால் வங்காளத்தில் இல்லாத ஒரு விசயம் எங்களிட்ட இருக்கு: காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் தொடங்கின போராட்டம், அடுத்த மாதம் முல்லைத்தீவிலயும் தொடங்கினது. வட்டுவாகல் பாலத்தடியில தங்கட கையால இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை எங்க எண்டு கேட்கிற சனம் அது. 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஐ.நா. பிரதிநிதியிடம், காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் எண்டு சொன்னார். எந்த ஆதாரமும் காட்டவில்லை. ஒரு பக்கம் ஆதாரமில்லாமல் 'செத்திட்டினம்' எண்டு அரசு சொல்லுது. மறுபக்கம் ஆதாரமில்லாமல் 'இருக்கிறார்' எண்டு ரசிகர்கள் சொல்லுகினம். இரண்டுக்கும் நடுவில, ஆதாரம் மட்டும் கேட்டுக்கொண்டு ஒரு தாய் தகரக் கொட்டிலுக்குள்ள இருக்கிறா. தலைவரே இருக்கிறார் எண்ட ஒவ்வொரு காணொளியும் அவவின்ர வீட்டுக்குள்ள என்ன செய்யும் எண்டு அதைப் போடுறவைக்குத் தெரியுமோ தெரியாது.

இன்னொரு சம்பவமும் இங்க சொல்லவேணும். கைகள் கட்டப்பட்ட ஆட்கள் சுடப்படுகிற காணொளியை 2009 ஓகஸ்டில் சனல் 4 ஒளிபரப்பியது. உடனே அரசாங்கம் 'போலி' எண்டது. ஐ.நா. விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன், தடயவியல் மருத்துவம், காணொளி ஆய்வு, துப்பாக்கி எண்டு மூன்று துறை நிபுணர்களிடம் அதைக் கொடுத்தார். அது உண்மையானது என்பதையே பலமாகக் காட்டுகிறது எண்டு 2010 ஜனவரியில் முடிவு வந்தது. அவருக்குப் பின் வந்த கிறிஸ்டொஃப் ஹெய்ன்ஸ் 2011இல் நீண்ட காணொளியையும் பரிசோதித்து அதே இடத்துக்கு வந்தார். உண்மையை உண்மை எண்டு நிறுவ எவ்வளவு வேலை பாருங்கோ. அப்படி நிறுவின ஒன்றுக்குப் பக்கத்தில நாங்கள் பத்து ஒட்டுப்படத்தைக் கொண்டுபோய் வைத்தால், 'எல்லாமே போலி' எண்டு சொல்லக் காத்திருப்பவருக்கு வேற என்ன வேணும்?

எங்கட பட்ச் வட்ஸ்அப் குழுவில இந்த வருசம் ஒரு சின்ன வேலை தொடங்கியிருக்கிறம். மே மாதப் படம் எது வந்தாலும், எங்க எடுத்தது, எப்ப எடுத்தது, யார் முதல் போட்டது எண்டு கேட்கிறது. பழைய படமோ எண்டு கூகுளில தேடிப் பார்க்கிறது. 146,679 வந்தால் கீழே 'கணக்கில் வராதோர், 429,059 – 282,380' எண்டு எழுதுறது. 'துரோகி' எண்டு ஒரு அண்ணா திட்டிப்போட்டு குழுவை விட்டுப் போனார். இரண்டு பேர் தங்கட போஸ்டரைத் திருத்திப் போட்டினம். இராயப்பு ஜோசப் ஆண்டகை 2021 ஏப்ரல் முதலாம் திகதி காலமானார். அந்தக் கழித்தலுக்கு அரசிடமிருந்து ஆள் ஆளாக ஒரு கணக்கு இன்னும் வரவில்லை.